அத்திக்காட்டக்கா

அரியலூரைத் தாண்டிச் சாலையோரம் ஒரு டீக்கடை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகப் போகக் கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைத் தூசி படிகிறது. கடைக்கார அம்மாளை எல்லாரும் 'அத்திக்காட்டக்கா' என்கிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து பிறந்த ஊர்தான் அவருக்குப் பெயர்.

"அத்திக்காடு எங்கங்க இருக்கு?" என்று கேட்கிறேன்.

கடந்துபோகும் லாரியைக் கரண்டியால் காட்டுகிறார். "அந்தா போவுதுல்ல. ஊரையே சுரங்கத்துக்கு எடுத்துட்டாங்க சார். எங்க வூடு இருந்த எடத்துல இப்ப பள்ளந்தான், தண்ணி நிக்கிது."

"உங்க சொந்தப் பேரு?"

டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "அதச் சொல்லிக் கூப்புட்டவங்கல்லாம் அங்கதான் இருந்தாங்க."

கேட்டிருக்கக் கூடாது.

கல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்கிறது. "அத்திக்காட்டக்கா, ஒரு டீ!" என்று டிரைவர் கத்துகிறார்.

"இந்தா, வந்துட்டேன்" என்கிறார்.