பறக்கும் மனிதனுக்குத் தூக்குச்சட்டி கொடுத்தவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நீலாயில் என் மகன் வீட்டில் காலைப் பசியாறிக்கொண்டிருந்தேன். அப்போது பகாவ் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது சன்னாசி அண்ணனின் மூத்த மகள் அமுதா.

"அத்தை, அப்பா தூக்கத்திலேயே போயிட்டாரு" என்றாள். பிறகு அவளே, "நீங்க வரணும்னு இல்ல அத்தை. தூரம் லா. முட்டி வலியோட எப்படி வருவீங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று பகாவில் அவர் வீட்டில் கூடியிருந்தவர்கள் அவருடைய பெயர்ப்பலகைகளைப் பற்றித்தான் பேசினார்கள். பகாவ் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடையிலிருந்து நகைக்கடை வரை அவர் எழுதாத பலகை இல்லை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பு அவர் ஒரு படம் எடுத்தார். வரைந்த உருவங்கள் அசைகிற படம். அன்று வந்திருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குப் பத்தொன்பது வயது. பகாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படும். காலையில் பாலுக்காகப் பால்மரத்தின் பட்டையை வெட்டப் போகிறவர்களைக் கதவருகே நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறும் கொண்டுபோகத் தடை. இருட்டோடு போன பெண்கள் வெறும் வயிற்றோடு மரம் வெட்டி, பால் எடுத்து, மதியத்துக்கு மேல் திரும்பிவந்துதான் சாப்பிடுவார்கள்.

சன்னாசி அண்ணனுக்குத் தொழிற்சாலையில் வேலை. தகரத் தகட்டில் எழுத்துகளை வெட்டி எடுத்து, அதை ரப்பர் கட்டுகளின் மேல் வைத்துக் கறுப்பு மை தடவித் தோட்டத்தின் குறியைப் போடுவார். கத்தரியால் தகரத்தை அவர் வெட்டுவது காகிதத்தை வெட்டுவதுபோல இருக்கும். பள்ளிக்கு எழுத்து அட்டைகள் செய்து தர வந்துதான் எனக்குப் பழக்கமானார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், ஆனாலும் கடைசிவரை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

தோட்டத்தின் உதவி மேலாளரான வெள்ளைக்காரச் சின்ன துரைக்கு அவருடைய தம்பி சீமையிலிருந்து அனுப்பிய சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று பள்ளிக்கு வந்து சேர்ந்தது. மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் வானத்தில் பறப்பான், ஓடும் ரயிலைக் கையால் நிறுத்துவான், திருடர்களைக் குத்துவான். பிள்ளைகள் அவனுக்கு 'வானத்தான்' என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக் கதை சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. ஒரு மாதத்தில் புத்தகம் தாள் தாளாகக் கழன்றுவிட்டது.

கிழிந்த தாள்களை ஒட்டித் தர வந்த சன்னாசி அண்ணன், ஒட்டுவதை விட்டுவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும், "டீச்சரம்மா, இவன் எந்த எடத்துலயாவது சாப்புடுறானா?" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

"அப்ப இவனுக்குப் பசி தெரியாது. பசி தெரியாதவன் நம்ம லயத்துக்கு வந்து என்ன பண்ணப் போறான்?"

சின்ன துரையிடம் சாவி கொடுத்து ஓட்டும் படக் கேமரா ஒன்று இருந்தது. பறவைகளைப் படம் எடுப்பார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு படம் மட்டும் பதிவாகும். உருவத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஓர் அழுத்து, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னோர் அழுத்து. இப்படியே செய்துகொண்டு போனால் திரையில் அது தானாக நடக்கும் என்று அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் ஆரம்பம். சன்னாசி அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு தகரத்தில் வெட்டிய வானத்தானைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கை, கால், கழுத்து, மேலங்கி எல்லாம் தனித்தனியாக, சிறு ஆணியில் மாட்டியிருந்தன. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஓர் எண் கீறியிருந்தார்.

பள்ளி மேசைக்கு மேலே கேமராவைக் கீழ்நோக்கிக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில், சன்னல் வெளிச்சத்தில் வேலை. அவர் நகர்த்துவார், நான் பொத்தானை அழுத்துவேன். அழுத்தும்போது இருவரும் மூச்சுவிட மாட்டோம். "பறக்குறது சுலபம் டீச்சரம்மா. சும்மா நிக்க வைக்கிறதுதான் கஷ்டம்" என்பார். மேகம் சூரியனை மறைத்தால் காத்திருப்போம்.

கதையை அவர் மாற்றிக்கொண்டே வந்தார். ரயில் போனது. திருடர்கள் போனார்கள். அவருடைய வானத்தான் காலையில் லயத்துப் பெண்களோடு வரிசையில் நின்றான், சோதனைக்குக் கைகளைத் தூக்கினான், மேலங்கியை உதறிக் காட்டினான். அங்கிருந்து கதை எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்கா விழுந்தார். சன்னாசி அண்ணனின் மனைவி. பால்மரம் வெட்டுபவர். அப்போது ஆறு மாதம் சுமந்துகொண்டிருந்தார். வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே மயங்கி விழுந்து, மற்ற பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்று மருந்தகத்தில் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு சன்னாசி அண்ணன் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். தகரத்தில் ஒரு சின்னத் தூக்குச்சட்டி வெட்டியிருந்தார். வானத்தான் கையில் அதை மாட்டினார். "இன்னைக்கு இவன் வேலியத் தாண்டுறான்" என்றார். முள்கம்பிக்கு மேலாக அவன் பறந்து போய், மரங்களுக்கு நடுவே இறங்கி, தூக்கைத் திறந்து பெண்களுக்குச் சோறு போடும் காட்சியை எடுக்க எங்களுக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. சோற்றுக்கு உண்மையான அரிசியையே வைத்தார். ஊசி முனையால் ஒவ்வோர் அரிசியாகத் தள்ளி வைப்பார். வேலை முடிந்ததும் அத்தனையையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

படச்சுருளைக் கழுவ வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். சின்ன துரை அனுப்பினார். போனது ஒரே சுருள், அதற்குப் பிரதி கிடையாது. திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்.

அது வருவதற்குள் சன்னாசி அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி வண்ணம் பூசுவதற்காகத் தகர உருவங்களைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கதவில் புதிதாக வந்திருந்த காவலர்கள் பையைத் திறந்தார்கள். எண் கீறிய தகரத் துண்டுகள். கூடவே ஒரு தாள். அதில் வேலியும் கதவும் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் தாண்டவேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தார். வானத்தான் பறக்கும் வழி அது. பார்த்தவர்களுக்கு அது காட்டுக்குள் சாப்பாடு கடத்தும் வழியாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் அதைவிடக் குறைந்த சந்தேகத்துக்கெல்லாம் ஆட்களைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள், நாட்டைவிட்டே கப்பல் ஏற்றினார்கள்.

அவரைப் பிடித்துப்போன மூன்றாவது வாரம் சுருள் வந்தது. சின்ன துரை என்னை அழைத்துப்போய், பங்களாவில் சன்னல்களை மூடி, சுவரில் ஓட்டிக் காட்டினார். வானத்தான் நடந்தான். பறந்தான். பிறகு அந்தச் சோறு போடும் காட்சி வந்தது. முழுதாக நாற்பது நொடிகூட இருக்காது. விளக்கைப் போட்டபோது நான் அழுதுகொண்டிருந்தேன், சின்ன துரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்புக்குறிகள் எதற்கு என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. அதைப் போலீசுக்குக் காட்டினால் சன்னாசி அண்ணனை விடுவார்கள். ஆனால் அதே படத்தில் வேலிக்கு வெளியே சோறு போகிறது. எந்தக் குற்றத்தைச் சந்தேகப்பட்டார்களோ அதையே அவர் படமாக எடுத்து வைத்திருக்கிறார். வெட்டி ஒட்டுவது எப்படி என்று சின்ன துரை காட்டிக்கொடுத்தார். "வெட்டுவதா வேண்டாமா என்பதை நீதான் சொல்லவேண்டும். இன்று நான் எதையும் பார்க்கவில்லை" என்றார்.

என்னால் தனியாக முடிவெடுக்க முடியவில்லை. பாக்கியம் அக்காவிடம் போனேன். அவருக்கு நாள் நெருங்கியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

"அதுல அவரு என்ன தப்பு பண்ணியிருக்காரு?"

"தப்பு இல்லக்கா. ஆனா அவங்க பாத்தா..."

"அப்ப வெட்டிடுங்க டீச்சர். படம் இன்னொன்னு எடுத்துக்கலாம். ஆளு வேணும்ல."

வெட்டினேன். வீட்டில் வைத்திருக்கவும் பயம், எப்போது வேண்டுமானாலும் சோதனை வரும். பாக்கியம் அக்காவின் அடுப்பிலேயே அந்தத் துண்டைப் போட்டேன். சட்டென்று பற்றிக்கொள்ளவில்லை. சுருண்டு, உருகி, மெல்ல மெல்லப் போனது.

போலீஸ் நிலையத்தில் பட்டப்பகலில் சன்னல்களுக்குக் கம்பளி கட்டிப் படத்தை ஓட்டினோம். பார்த்தவர் மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், கூட நான்கைந்து காவலர்கள். வானத்தான் மேலங்கியை உதறிக் காட்டியபோது காவலர்கள் சிரித்துவிட்டார்கள். வேலியைத் தாண்டியபோது இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்ததாகப் பெண்கள் சிரித்த முகத்தோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்தது.

"அந்தத் தூக்கில் என்ன கொண்டுபோகிறான்?" என்று மலாயில் கேட்டார்.

"தண்ணீர்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் சோறாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். பிறகு அந்தத் தாளை மடித்துச் சின்ன துரையிடம் கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததா, தெரிந்துதான் விட்டாரா, வெட்டாமலே காட்டியிருந்தாலும் விட்டிருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடு நான் பல வருடம் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சன்னாசி அண்ணன் வெளியே வந்தார். அமுதா பிறந்து அன்றைக்கு ஐந்தாம் நாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தவரிடம் நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"அண்ணே, சோறு போடுற எடத்த வெட்டிட்டேன். எரிச்சிட்டேன். நீங்க பாக்காமலே..."

அவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"சோறு விழுந்துச்சா, இல்ல குதிச்சுச்சா?"

"விழுந்துச்சுண்ணே. நெசமாவே விழுந்துச்சு."

"சரி லா" என்றார்.

பிறகு ஒரு ஞாயிறு பகலில், ரப்பர் தாள்களைப் புகைபோட்டு உலர்த்திய, அப்போது நெருப்பில்லாமல் கிடந்த பழைய புகைவீட்டில் தோட்டத்துக்கே படம் காட்டினோம். கதவைச் சாத்தினால் உள்ளே நல்ல இருட்டு. பிள்ளைகள் மூன்று முறை போடச் சொன்னார்கள். தூக்கில் என்ன இருந்தது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. பெண்கள் யாரும் கேட்கவில்லை. சன்னாசி அண்ணன் அந்தப் பிள்ளையிடம், "நீ காலையில என்ன சாப்புட்டியோ அதுதான்" என்றார்.

பாக்கியம் அக்கா சொன்ன இன்னொரு படம் எடுக்கப்படவே இல்லை. சின்ன துரை மாற்றலாகிப் போனார், கேமராவும் அவரோடு போனது. பல வருடம் கழித்து அவர் சீமையில் இறந்த செய்தி வந்தது. மிச்சப் படச்சுருள் பூஞ்சை பிடித்து ஒட்டிப்போனது. சன்னாசி அண்ணன் குடும்பத்தோடு பகாவுக்கு வந்து பெயர்ப்பலகை எழுத ஆரம்பித்தார். நானும் மாற்றல் மாற்றலாக ரெம்பாவ், சிரம்பான் என்று அலைந்தேன். ஆனால் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும், தேநீர் குடித்து முடித்ததும் அவர் கேட்பார்: "டீச்சரம்மா, அந்த எடத்தச் சொல்லுங்க." நான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருமுறை, "போன தடவ சோத்து ஆவி எடது பக்கமாப் போச்சுன்னு சொன்னீங்க" என்று திருத்தினார். பாக்கியம் அக்கா உள்ளேயிருந்து சிரித்தார்.

அக்கா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது தீபாவளிக்குப் பிறகு. பார்வை மங்கிவிட்டிருந்தது. அப்போதும் கேட்டார், அப்போதும் சொன்னேன். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு அது பாத்த மாதிரியே ஆயிருச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். இத்தனை வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது தனக்காகவா எனக்காகவா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அந்த நாற்பது நொடிகளைப் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. வேலையில் ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் நாள் முழுவதும் மனம் வாடுகிறவர் என்பதால் சொல்லவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் சோறு விழுந்துகொண்டிருக்கிறது. கடைசியில் இருப்பவள் வயிறு பெரிதாக இருக்கும் பெண். அவள் இலைக்கு வரும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு, ஒரு கை தெரிகிறது. கையை எடுப்பதற்குள் நான் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. கறுப்பு மை ஏறிய நகங்கள். இன்னும் ஓர் அரிசியை அவளுக்குத் தள்ளிவைத்துவிட்டு உடனே மறைந்துவிடுகிறது.

அவரிடம் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான்.