பஞ்சின் சர்க்கரை

1997ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சுந்தரேசன் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, பருத்தி ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற அன்று, கூடத்தின் ஆய்வாளர் ஜலஜா பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இருங்கோ சார், இதுதான் கடைசி அலம்பல்" என்றவர், அதற்குப் பின்னும் அலம்பிக்கொண்டேயிருந்தார்.

நாற்பதைத் தாண்டியவர், டாக்குரியா பேட்டையிலிருந்து நடந்தே வருவார். கூடத்தில் எல்லாருக்கும், வங்காள வழக்கப்படி, 'ஜலஜாதி', ஜலஜா அக்கா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டால் அன்றைக்கு ஒருவரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பூச்சிகள் இழைமேல் விட்டுச்செல்லும் இனிப்புப் பிசுக்கு போகாமல் பஞ்சு வாய் திறக்காது என்பது அவர் கொள்கை. நீளத்திலும் மென்மையிலும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரு பருத்தி ரகங்களைக் கண்ணால் பிரிக்க இயலாது. இழையின் செல்சுவரை அமிலத்தில் சிதைத்து, வெளிவரும் சர்க்கரைகளின் விகிதத்தால் பிரிக்கலாம் என்று அவர் நம்பினார். தையில் வரவிருந்த ஆய்வுக்குழு அதை ஏற்காவிட்டால், சர்க்கரை அளக்கும் கருவி வேறு பிரிவுக்குப் போய்விடும்.

மார்கழியில் விடை கிடைத்தது. ஒரு ரகத்தில் குளுக்கோஸ் துள்ளி நின்றது. சுந்தரேசன் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார், ஜலஜா தடுத்தார். அவ்வளவு இருக்க நியாயமில்லை என்றார். மறுநாள் காரணத்தையும் அவரே கண்டுபிடித்து வந்தார். கழுவிய பஞ்சை உலர்த்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வேட்டித் துண்டுகளில் ஒன்று கஞ்சி போட்டது. கஞ்சியும் அமிலத்தில் குளுக்கோஸாகிவிடும்; சோற்றின் சர்க்கரையைப் பருத்தியின் தலையில் கட்டியாயிற்று.

"உங்காத்துக் கஞ்சிக்கு ஒரு ரகம்னு பேர் வச்சுடலாமே" என்று சுந்தரேசன் சீண்டினார். ஜலஜா சிரிக்கவில்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டார். வடிதாளில் உலர்த்தி, முதலிலிருந்து தொடங்கினார்.

இம்முறை குளுக்கோஸ் வேறுபாடு மறைந்தது. அரபினோஸ் என்னும் வேறொரு சர்க்கரையில் மட்டும் மெல்லிய வேறுபாடு எஞ்சியது. அதை வைத்துக்கொண்டு குழுவின் முன் நிற்கவேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சுந்தரேசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

தையில் வந்த குழுவின் தலைவர் மஹாதேவன் கோவைக்காரர். ஜலஜா நீட்டிய முடிவுத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இத்தனூண்டு வித்தியாசம். எது எந்த ரகம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். கை அந்தப் பக்கமே சாயாதாம்மா?"

சுந்தரேசன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜலஜா, மாதிரிகள் இருந்த அலமாரியின் சாவியை மஹாதேவன் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே எடுத்துத் தாங்கோ. பேர் எழுதவேண்டாம், யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். எது எந்த ரகம்னு விடை வர மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க ஊருக்குப் போகக்கூடாது."

பின்னர்த் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்பக்கமாகக் கையை நீட்டினார்.