ஏழாம் எண்ணும் நிரம்பாலிக் கஷாயமும்

"ஏழாம் எண். பெண். வயது சுமார் நாற்பத்தைந்து. எழுதப் படிக்கத் தெரியாது. புகையிலைத் தூசியால் வந்த நாள்பட்ட இருமல். அதிகம் பேசாதவர். ஆறாவது வாரத்தில் இருமல் பெரிதும் தணிந்திருக்கிறது."

நோட்டில் இருக்கும் செபாஸ்தியம்மாள் இவர்தான். நேரில் இருப்பவர் வேறு. வேடசந்தூர்ச் சாலையோரக் கிடங்கில் பன்னிரண்டு பெண்கள் காய்ந்த புகையிலையின் நடு நரம்பை உரித்துப் போடுவார்கள். சாலையில் போகிறவர்களுக்குக் கேட்பது செபாஸ்தியம்மாளின் குரல் ஒன்றுதான். அது மேஸ்திரியின் மீசையைக் கிண்டல் செய்து ஆரம்பித்து, பாதியில் இருமி, இருமல் முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடரும்.

எழுதியவரையும் குறை சொல்வதற்கில்லை. முதல் நாளைத் தவிர, முகமது பாரூக் வரும் சனிக்கிழமைகளில் செபாஸ்தியம்மாள் உண்மையாகவே அதிகம் வாயைத் திறப்பதில்லை. பாரூக் பேகம்பூர்ப் பிள்ளை. மதுரையில் ஒரு கல்லூரியில் மரஞ்செடிகளை ஆராய்கிறவர். நிரம்பாலி என்ற மலைமரத்தின் இலையைப் பொடித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, அது இருமலுக்குக் கேட்கிறதா என்று அறுபத்தோராம் வருஷம் இந்தப் பன்னிரண்டு பேரிடமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியிலை மரங்களின் குடும்பத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று முதல் நாளே விளக்கினார். இலையைக் காட்டினார். உள்ளங்கை நீளத்துக்குப் பட்டையாக இருந்தது. ஊசியைக் காணோம்.

"எங்க வீட்டுக்காரரு பேரு சாந்தப்பன். அது மாதிரித்தான் போல" என்றார் செபாஸ்தியம்மாள். சாந்தப்பனின் முன்கோபத்தை அறிந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். பாரூக் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கஷாயத்தைவிட அந்த மரத்தின் மேல்தான் செபாஸ்தியம்மாளுக்குப் பிரியம். மேகத்துக்குள்ளேயே நிற்கும், மழை விட்ட பிறகும் அதன் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும் என்று பாரூக் சொல்லியிருந்தார். சாயங்காலம் டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கிணற்றடிக் கல்லில் செத்த நேரம் உட்கார்ந்து சிறுமலையைப் பார்ப்பார். அந்த மலையில் அந்த மரம் இல்லை என்றும் பாரூக் சொல்லியிருந்தார். அதனால் என்ன? நீலமாகக் கிடக்கும் அந்த முகட்டில் செபாஸ்தியம்மாள் தாமே ஒரு மரத்தை நட்டு, அதனடியில் போய் நிற்பார். மேகம் மெல்ல வந்து முழங்கால்வரை மூடும். சேலைக் கரை நனையும். தூசி என்ற ஒன்றையே அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. மூச்சு அடிவயிறுவரை போய்த் திரும்பும். கண்ணைத் திறந்ததும் இருமல் வரும்.

ஆமாம், இருமல் இருந்தது. எட்டு வாரம் ஒரு வேளை தவறாமல் குடித்தும் அது அப்படியே இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் அப்படித்தான். ஆனால் பாரூக் கேட்கும்போது அத்தனை பேரும் இருமல் வெளியே வராமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "கொறஞ்சிருக்கு தம்பி" என்றார்கள். ஊர்வழக்கம் அது. செபாஸ்தியம்மாளைக் கேட்டால் நியாயம் தெளிவாகச் சொல்வார்: "கொழம்ப ஊத்திட்டு எப்படி இருக்குன்னு கேக்குறாக. உப்பு இல்லேன்னா சொல்லுவோம்?"

எட்டாவது சனிக்கிழமை பாரூக் சிரித்த முகமாக வந்தார். தம் தாய் குர்ஷித் பேகத்துக்கு நெஞ்சில் காசம். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். ஊசி என்றாலே அம்மா நடுங்குகிறார் என்றார்.

"நீங்க பன்னெண்டு பேரும் சொன்னத நேத்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அழுகையே நின்னு போச்சு. திங்கக்கிழமையிலேருந்து ஊசி வேணாம், இந்தக் கஷாயந்தான்னு சொல்லிட்டேன்."

படித்தவர் இப்படிச் செய்வாரா என்று கேட்கலாம். பெற்றவள் அழும்போது, கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது அந்த நோட்டுதான்.

அன்று சாயங்காலம் செபாஸ்தியம்மாள் மலையைப் பார்க்கவில்லை. கிடங்கில் பக்கத்தில் உட்காரும் மாயம்மாளிடம், போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். மாயம்மாள் பதறிவிட்டாள். பன்னிரண்டு பேரும் புளுகிகள் என்று ஆகிவிடும், அந்தப் பிள்ளை முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றாள்.

"நல்லதுக்குன்னுதானடி சொன்னோம். அது இப்ப அந்தப் பொம்பளயக் கொல்லப் போகுது" என்றார் செபாஸ்தியம்மாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பேகம்பூருக்கு நடந்தார். குர்ஷித் பேகம் டீ கொடுத்தார். அதில் சர்க்கரையே இல்லை. செபாஸ்தியம்மாள் நல்லாருக்கு என்று சொல்லிக் குடித்துவிட்டு, பாரூக்கை நோட்டோடு வந்து உட்காரச் சொன்னார். பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்.

"ஒருத்திக்கும் கொறையல தம்பி. ஒங்க மனசு கோணக் கூடாதுன்னு சொன்னது. மரத்து மேல குத்தம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எங்க மேல இருக்கு."

பாரூக் பேனாவைத் திறந்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறுக்கே கோடு போட்டார். பொய் கலந்த கணக்கை வைத்து மரத்தைப் பற்றி அவராலும் இனி ஒன்றும் சொல்ல முடியாது. எட்டு வாரத்துக்கு முன்பு தெரிந்த அளவுதான். குர்ஷித் பேகம் மட்டும் மெல்லக் கேட்டார்:

"அப்ப, ஊசிதானா?"

"ஊசிதான் பாயம்மா" என்றார் செபாஸ்தியம்மாள்.

குர்ஷித் பேகம் முக்காட்டுக்குள் அழ ஆரம்பித்தார். செபாஸ்தியம்மாள் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அவர் கிடங்குக்குப் போகவில்லை. குர்ஷித் பேகத்தை ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போய், வரிசையில் கூடவே நின்று, ஊசி இறங்கும்போது இறுக்கிக்கொள்ளத் தம் கையைக் கொடுத்தார்.