வண்டி சுற்றி வருவதற்குள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு ஃபோன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எடுத்தேன்.

“சார், பரமேஸ் பேசுறேங்க. அப்புத்தளையில இருந்து.”

குரல் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

“சொல்லுங்க பரமேஸ். எல்லாரும் சுகமா?”

“சுகந்தாங்க. ஒண்ணு கேக்கலாம்னு எடுத்தேன். கோச்சி எப்ப சார் விடுவாங்க?”

கோச்சி என்றால் ரயில். எங்கள் தோட்டப்புறங்களில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

மழையில் மலை சரிந்ததிலிருந்து பதுளைப் பாதை மூடிக் கிடக்கிறது. சில இடங்களில் தண்டவாளத்தின் மேல் மண். சில இடங்களில் தண்டவாளத்தின் கீழ் மண்ணே இல்லை – கொடிக்கயிறு மாதிரி அந்தரத்தில் தொங்குகிறது. நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் சந்தையில், சலூனில், கோவிலில் எங்கே கண்டாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். பாதையின் சாவி என் சட்டைப்பையில் இருப்பது போல.

“எனக்குத் தெரியாதே பரமேஸ். திருத்த நாள் எடுக்கும். எங்கயாவது போகணுமா? பஸ் ஓடுதே.”

“பஸ்ஸு சரிவராதுங்க. மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கு. பையன் தெமோதரைப் பக்கம். அதான்... நம்ம மாதிரியே கோச்சியில வச்சுக்கலாம்னு பாத்தேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு? வாய்ப்பில்லை. சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் தெமோதரை ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கிற கிளார்க்காக இருந்தேன். அந்த ஸ்டேஷனுக்கு ஒரு விசேஷம் உண்டு. பதுளைக்குப் போகிற வண்டி பிளாட்போமை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு வட்டமாகச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும். சற்று முன் கையசைத்து அனுப்பி வைத்த அதே வண்டி, உங்கள் காலுக்குக் கீழே போகும். பதுளையிலிருந்து வருகிற வண்டிக்கு எல்லாம் தலைகீழ். முதலில் காலடியில் சத்தம் கேட்கும். பிறகு சுற்றி ஏறிப் பிளாட்போமுக்கு வரும். இடையில் நிதானமாக ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

புதிதாக வந்த உத்தியோகத்தர்கள் கீழே வண்டி போவதைப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, தவறவிட்டோம்’ என்று பஸ்ஸுக்கு ஓடுவார்கள். போர்ட்டர் மரியதாஸ் ஓட விட்டுவிட்டு, பாதி வழியில்தான் கூப்பிடுவார். “சேர்... கோச்சி இனிமேதான் சேர் வரும்.” அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

காலை வண்டியில் அலுவலகக்காரர்கள், வெள்ளைச் சேலை டீச்சர்மார், முட்டைக்கோஸ் என்கிற கோவா மூட்டைகள், கால் கட்டிய கோழிகள். தூணில் சாய்ந்து நின்றால் டீசல் வாசமும் தேயிலைக் கொழுந்து வாசமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எங்கேயாவது டீசல் வாசம் அடித்தால், கூடவே கொழுந்து வாசத்தையும் என் மூக்கு தேடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சுற்றுப்பாதையை எங்கள் சுற்றுவட்டத் தோட்டத்து மக்கள் இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தினார்கள். பெண் பார்க்க.

லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், பெண் பார்க்க வந்தால் வரிசையில் இருக்கிற அத்தனை வாசலும் எட்டிப் பார்க்கும். வந்தவர்கள் பலகாரம் தின்றுவிட்டு, ‘போய்ச் சொல்றோம்’ என்று போய், பிறகு சொல்லாமலே இருந்துவிட்டால்? அந்தப் பெண் மறுநாள் பெரட்டுக்கு, அதுதான் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்கு, எப்படிப் போவாள்?

ஆகவே ஸ்டேஷன். பெண்ணும் தாயும் பார்சல் அனுப்ப வந்தவர்கள் போல் பிளாட்போமில் நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பதுளைக் கோவிலுக்குப் போகிறவர்கள் போல் மூன்றாவது பெட்டியில் வருவார்கள். அர்ச்சனைத் தட்டு கட்டாயம் கையில் இருக்கும். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் எட்டுத் தமிழர்கள் ஒன்றாகப் பயணம் செய்தால் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் நிறைய. தட்டும் தேங்காயும் இருந்தால் கேள்வி குறையும். வண்டி நிற்கிற நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வண்டி புறப்பட்டு மலையைச் சுற்றும். அதற்குள் முடிவு எடுத்துவிட வேண்டும். பிடித்திருந்தால், சுரங்கத்தை விட்டு வரும்போது ஜன்னலில் மஞ்சள் துண்டு ஒன்று தொங்கும். பிளாட்போம் ஓரக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தால் தெரியும்.

பிடிக்கவில்லையா? துண்டு இருக்காது. வண்டி போய்விடும். யாரும் யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியதில்லை. பார்சல் அனுப்ப வந்தவர்கள் பார்சலை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பரமேஸ் அப்படி ஏற்கனவே இரண்டு தடவை வந்தவள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பார்வை மோசம். சோடா போத்தல் அடி மாதிரி தடித்த கண்ணாடி. இரண்டு தடவையும் வண்டி வெறும் ஜன்னலோடு போனது. அவளுடைய அம்மா முத்தாயி பழியைக் கண்ணாடி மேல் போட்டார்.

மூன்றாவது தடவை டிக்கட் ஜன்னலில் முத்தாயி குனிந்து என்னிடம் சொன்னார்.

“ரெண்டு பிளாட்போம் டிக்கட் குடுங்க சார். இதுதான் கடைசி. இதுவும் சரிவரலன்னா வெளிநாட்டுக்கு அனுப்புறதா ஏஜென்டுகிட்ட சொல்லிட்டேன். வீட்டு வேலைக்கு. போட்டோ கூட எடுத்தாச்சு.”

பரமேஸ் பின்னால் நின்றாள். கண்ணாடி இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள் – அவளுக்கு எல்லாமே எங்கேயோதான்.

“கண்ணாடி எங்கம்மா?” என்றேன்.

“அம்மா கழட்டச் சொல்லிட்டாங்க சார். மாப்பிள்ள என்னையப் பாத்தா போதுமாம். நான் பாக்க வேணாமாம்.”

“வாய மூடுடி. வாயும் கண்ணும் ஒண்ணா இருந்தா எவன் கட்டுவான்?”

மரியதாஸ் விளக்கைத் துடைத்தபடி சொன்னார்: “அத்தாச்சி, பயப்படாதீங்க. இன்னைக்கு மஞ்சத் துண்டு உறுதி. நான் மெழுகுதிரி நேந்திருக்கேன்.”

வண்டி வந்தது. மூன்றாவது பெட்டி எங்கள் முன்னால் நின்றது. ஜன்னலில் ஓர் இளைஞர். பெயர் சிவலிங்கம், அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவரைச் சுற்றி ஜன்னல் நிறையத் தலைகள். பரமேஸ் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடி நின்றாள்.

கார்ட் பச்சைக் கொடியை விரிக்கப் போகிற நேரம். பரமேஸ் பார்சலைக் கீழே வைத்தாள். கைப்பையைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த ஜன்னலை நேராகப் பார்த்தாள்.

“அடியே... கழட்டுடி.” முத்தாயி பாய்ந்து கண்ணாடியைப் பிடுங்கினார்.

விசில். வண்டி போய்விட்டது.

எல்லோரும் கம்பிக்கு ஓடினோம். ‘எல்லோரும்’ என்பதில் நானும் சேர்த்தி. அப்போதுதான் கவனித்தோம். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கீழே இருந்த தேயிலை மறைந்தது. பிறகு தண்டவாளம். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது, என் மேசையில் இருந்த கிளாஸ் கிணுகிணுத்தது, சுரங்கத்திலிருந்து வண்டி வெளியே வந்தது. சத்தமாக மட்டும். வெள்ளைக்குள் ஒரு வண்டி கடகடவென்று போனது. ஒரு பெட்டி கூடத் தெரியவில்லை.

“மஞ்சளா என்னமோ போச்சு சார்” என்றார் மரியதாஸ்.

“அது கடைசிப் பெட்டி விளக்கு. சிவப்பு” என்றேன். எனக்கும் அதுதான் தெரிந்ததா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது.

முத்தாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். “வா போவோம்.”

“எங்கம்மா?”

“வீட்டுக்கு. ஒண்ணும் தெரியல இல்ல?”

“தெரியலன்னா இல்லைன்னு அர்த்தமா?”

“பின்ன?”

“சாயந்தரக் கோச்சியில திரும்பி வருவாங்கல்ல. கேட்டுட்டு வாறேன்.”

முத்தாயி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “பொம்பளப் புள்ள போயி கேக்குறதா? இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா என்னடி செய்வ?”

“சவுதிக்குப் போவேன். எப்படியும் அதுக்குத்தானே போட்டோ எடுத்திருக்கீங்க.”

அந்தத் தாய் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘இல்லை’ என்ற சொல்லை யாரும் கேட்காமல் இருக்கத்தானே இத்தனை ஏற்பாடு? இவள் போய்க் கேட்டால் யாராவது வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அதுவும் பிளாட்போமில், நாலு பேர் முன்னால். வீட்டுக்குப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

பிற்பகலில் அவள் டிக்கட் ஜன்னலுக்கு வந்தாள். இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

“சார், இன்னொரு பிளாட்போம் டிக்கட் தாங்க. காலையில எடுத்தது முடிஞ்சிருக்கும்ல?”

முடிந்துதான் இருந்தது. ஆனால் அதை நினைவில் வைத்து வந்து கேட்டவள், என் சர்வீஸில் அவள் ஒருத்திதான்.

மாலையில் காலடியில் சத்தம் கேட்டது. பதுளையிலிருந்து வருகிற வண்டி சுரங்கத்துக்குள் இருந்தது. பரமேஸ் எழுந்து நின்றாள். காலையில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இருந்த அந்தச் சுற்று இப்போது இவளுக்கு. மனதை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக அவ்வளவு நேரம் இருந்தது. மரியதாஸ் ஒரு பிளேன்டீ கொண்டு வந்து நீட்டினார். அவள் வாங்கிக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை.

வண்டி வந்தது. முழுதாக நிற்பதற்கு முன்பே மூன்றாவது பெட்டியிலிருந்து அந்த இளைஞர் குதித்து இறங்கினார். உள்ளேயிருந்து ஒரு பெரியவர், “டேய் லிங்கம், எங்கடா போற?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

இவள் வாய் திறப்பதற்குள் அந்த இளைஞரே கேட்டார்:

“ஏங்க... கண்ணாடி போட்டுப் பாத்தீங்க. ஒடனே கழட்டிட்டீங்க. என்னையப் புடிக்கலையா?”

பரமேஸ் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தாள். “நான் கழட்டலங்க. எங்கம்மா புடுங்கிட்டாங்க.”

“அப்ப சரி.”

“நீங்க துண்டு போட்டீங்களா?”

“போட்டேனே. நீங்க பாக்கலையா?”

“மூட்டங்க.”

அவர் கையோடு கொண்டு வந்திருந்த துணிப்பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து நீட்டினார். நனைந்து, சுரங்கத்துக் கரி அப்பி, பாதி கறுத்துப் போயிருந்தது. “இந்தாங்க. இன்னும் காயல பாருங்க.”

அவள் தொட்டுப் பார்த்தாள். பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த முத்தாயி இப்போது மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

“கண்ணாடி போட்டுப் பாத்தீங்களே... என்ன தெரிஞ்சிச்சு?” என்றார் சிவலிங்கம்.

“முன் பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கு. அதுதான் தெரிஞ்சிச்சு.”

“அது சின்னதுல விழுந்து...”

“பரவாயில்லங்க” என்றாள்.

கார்ட் கொடியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் புறப்பட்டது. நான் டயரி எழுதுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நேற்று அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். ‘காலை மூட்டம். மாலை வண்டி தாமதம்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல?

அதற்குப் பிறகு ஏற்பாட்டில் ஒரு திருத்தம் வந்தது. பெண் வீட்டாரும் தங்கள் பங்குக்கு ஒரு துண்டைப் பிளாட்போம் கம்பியில் கட்டத் தொடங்கினார்கள். பெண்ணுக்குப் பிடித்திருந்தால் மட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. மூட்டம் பிடிக்கிற மாதங்களில் யாரும் நாள் குறிப்பதே இல்லை. நான் பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போகும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். ‘இல்லை’ என்று சொல்லாமல் இருக்க நாம் எத்தனை வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்? இன்றைக்கு மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறோமே, அதுவும் துண்டு தொங்காத ஜன்னல்தானே? மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மூட்டத்துக்கு நல்லெண்ணம் தெரியாது. அது ‘ஆம்’களையும் சேர்த்து மூடிவிடுகிறது.

இதை எழுதி முடித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பரமேஸ் மறுபடி எடுத்தாள்.

“சார், கோச்சி விசாரிக்க வேணாங்க.”

“ஏன்? இடம் சரிவரலையா?”

“அதில்லங்க. எங்கம்மா கழுதைய இழுத்துட்டு வந்த மாதிரி என்னைய இழுத்துட்டு வந்தாங்கன்னு எப்பவோ மககிட்ட சொன்னேன். அத மனசுல வச்சுக்கிட்டு இவ இன்னைக்குத் தனியா பஸ் ஏறிப் போய் அந்தப் பையன நேர்ல பாத்துட்டு வந்து நிக்கிறா.”

“எங்க போய்ப் பாத்தா?”

“தெமோதரை ஸ்டேஷன்லதாங்க. கோச்சிதான் வராதே, யாரும் விசில் ஊத மாட்டாங்கன்னு அந்த பெஞ்சிலேயே உக்காந்து பேசியிருக்காங்க. காலையில போனவ, இருட்டுறப்பதான் வந்தா.”

அம்மா பரமேஸுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு பிளேன்டீ நேரம்.

“சரி, பதில் என்னவாம்?”

“அதத்தான் கேட்டேங்க. இன்னும் பேசி முடியலையாம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் போறாளாம்.”

பாதையைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: கொஞ்சம் மெதுவாகவே திருத்துங்கள்.