பி புதுசு, சி பழசு

கடைசியாக எப்போது ஒரு எச்சரிக்கையை முழுசாகப் படித்துவிட்டு ‘யெஸ்’ அடித்தீர்கள்? சும்மா அளக்காதீர்கள். நானும் படித்ததில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோ. நடத்துபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து வேலை கிடைக்காமல் அங்கே ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ரெஸ்யூமில் போட ஏதாவது கெத்தாக வேண்டுமே. கடையின் மூன்று கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சொந்தமாக ஒரு கிளவுட் போட்டுத் தருகிறேன் என்றேன். லினக்ஸ், அதன்மேல் பிரைவேட் கிளவுட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் எல்லாப் படமும் வரும்.

“அப்போ இந்த டிஸ்க்க கழட்டிக் கழட்டி மாட்ற பேஜார் வுட்டுது?”

“வுட்டுது பாய்.”

அந்த டிஸ்க்கில்தான் பதினோரு வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் இருந்தது. வேறு காப்பி கிடையாது. பழைய படத்தைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் சாவு வீட்டுக்காரர்கள். கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டுக் கொடுப்போம்.

புதிதாக வாங்கிய காலி டிஸ்க்கைப் பழசுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். லினக்ஸ் ஒன்றுக்கு பி என்றும் இன்னொன்றுக்கு சி என்றும் பேர் வைத்தது. பி புதுசு, சி பழசு. மனசில் குறித்துக்கொண்டேன்.

“எதுக்கும் பழச கழட்டி வச்சிட்டுப் பண்ணேம்மா.”

“பாய், மூணு வருசம் இதத்தான் படிச்சிக்கினு இருந்தேன். நீங்க போய் டீ சொல்லுங்க.”

மெஷினின் சொந்த டிஸ்க்கில் சாஃப்ட்வேர் பாதி ஏறும்போது கரென்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. அரை மணியில் கரென்ட் வந்தது, மெஷினை மறுபடி கிளப்பினேன். அப்படிக் கிளம்பும்போது லினக்ஸ் பி-யை சி என்றும் சி-யை பி என்றும் பேர் மாற்றி வைத்துவிடலாம். எனக்குத் தெரியும். பரீட்சையிலேயே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் படம் வைக்க எந்த டிஸ்க் என்று கேட்டபோது திரும்பப் பார்க்காமல் பி என்று அடித்தேன். இதில் உள்ளதெல்லாம் அழியும், சரியா என்று கேட்டது. யெஸ்.

இருபது நிமிடத்தில் கிளவுட் தயார். புது டிஸ்க்கைத் தொடவே இல்லை. அழிந்தது பழசு.

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். “கரென்ட்டு பூட்டதாலயாம்மா?”

“ஆமா பாய்.”

ரெக்கவரி சாஃப்ட்வேர் இரண்டு நாள் ஓடியது. துண்டு துண்டாகக் கொஞ்சம் வந்தது.

அடுத்த வாரம் மாகறலிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

“பாய், எங்க கல்யாணத்துக்கு நீதான எடுத்த. பொண்டாட்டி படம் ஒண்ணு பெருசா வோணும். பதினாறாம் நாளுக்கு.”

“எப்போப்பா?”

“எட்டு நாளாவுது. காமாலை.”

“ஆல்பம் வூட்ல கீதுல்ல?”

“செய்யாத்து வெள்ளம் வூட்டுக்குள்ள வந்தப்பவே ஊறிப்போச்சு. போன்லயும் இல்ல பாய். அவ எடுத்ததெல்லாம் புள்ளையத்தான்.”

துண்டுகளில் தேடினேன். ஒரே ஒரு படம் கிடைத்தது. அவர் நிற்கிறார், முகம் பளிச்சென்று இருக்கிறது. பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலைப்பூ வரைக்கும் வந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

“இது நான்தான்,” என்றார் அவர். “அவ எங்க?”

“மெசின் பூட்டுச்சுப்பா,” என்றார் பாய். “கரென்ட்டு.”

“கரென்ட்டுக்கு நீ இன்னா பண்ணுவ, வுடு பாய்.”

நான் அந்தப் படத்தை மூடினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். மனைவியின் ஆதார் கார்டு. ஸ்கேன் செய்து, நகத்தளவு முகத்தை ஃபிரேம் அளவுக்கு இழுத்தேன். இழுக்க இழுக்கக் கலங்கியது. கண் பாதி மூடியிருந்தது. பொட்டு இருந்த இடம் தெரியவில்லை. மவுஸால் ஒன்று வைத்துப் பிரிண்ட் எடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கிளவுட் நன்றாக ஓடுகிறது. பாய் இன்னும் கரென்ட்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.