விஜயராணி வெட்டிக் குடுத்த தகரம்

ராஜபாண்டிய இப்பவும் ரோட்டுல பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க. ஆளு கெட்டவன் இல்ல. குடி கிடையாது, பொண்டாட்டி மேல கைய நீட்டுனவன் இல்ல, என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசுனவன் இல்ல. அதெல்லாம் இருந்து என்ன பண்றது? கட்டுனவளுக்கு அவன் செஞ்சத நான் என்ற கண்ணால பாத்தேன். கேக்கறவங்களுக்கு அது சின்ன விசயமாத் தெரியும். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் மருதாள். அருள்புரத்துல ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் காடு இருந்துச்சுங்க. கெணத்துல சாயப்பட்டறைத் தண்ணி எறங்கி வெள்ளாமை நின்னதும், எல்லாரையும் போல நாங்களும் வரிசையா லைன் ஊடு கட்டி வாடகைக்கு உட்டோம். ரோட்டுப் பக்கமா ஒரு தகரக் கொட்டாய். அதுல டிங்கர் பட்டறை போட்டவன்தான் ராஜபாண்டி. கமுதிப் பக்கத்துக்காரன். கம்பெனி வேனு, லாரி கேபின், நசுங்கிப்போன கார் கதவு, எது வந்தாலும் தட்டி நிமித்திக் குடுப்பான். கொட்டாய்க்குப் பொறத்தால முதல் ஊட்டுல அவனும் அவன் சம்சாரம் விஜயராணியும் குடியிருந்தாங்க. நான் சொல்ல வந்தது அவளப் பத்தித்தான்.

விஜயராணி கல்யாணமாயி வந்த புதுசுல பனியன் கம்பெனில பிசிறு வெட்டப் போனா. அப்புறம் செக்கிங். அப்புறம் கட்டிங் மாஸ்டருக்குக் கையாளு. ஆனா அவ மனசெல்லாம் பேட்டர்ன் ரூம்புலதான் கெடந்துச்சு. ஒரு துணிய வெட்டறதுக்கு முன்னால, அதோட முன்பக்கம், பின்பக்கம், கையி, கழுத்துன்னு ஒவ்வொண்ணையும் அட்டையில வெட்டி வெக்கற எடமுங்க அது. பெரிய மேசை, சுத்தியும் ஆணில அட்டையாத் தொங்குமாம். அந்தக் கம்பெனில அங்க ஒக்காந்து வேலை செய்யறது பூராவும் ஆம்பளைங்க. இவ டீ குடுக்கற சாக்குல போயி நின்னு பாத்தே கத்துக்கிட்டா. வேஸ்ட்டுல போன பனியன ஊட்டுக்குக் கொண்டாந்து தையலப் பிரிச்சு தரையில விரிப்பா. இந்தக் கையி ஏன் இந்த எடத்துல வளையுதுன்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பா. அடுப்புல சோறு பொங்கி வழிஞ்சு அணைஞ்சாலும் தெரியாது. எனக்கு ரவிக்கை அவதான் தெப்பா. டேப்பே எடுக்க மாட்டா. என்னையச் சுத்தி ஒரு சுத்து வந்து பாப்பா, அவ்வளவுதான். இப்ப வரைக்கும் அந்த மாதிரி ஒரு ரவிக்கை எனக்கு அமையல.

பேட்டர்ன் ரூம்புல ஒரு நாற்காலி. அது ஒண்ணுதான் அவ ஆசைப்பட்டது. நகை கேட்டதில்ல, எடம் வாங்கலாம்னு சொன்னதில்ல.

ரெண்டாயிரத்தி ஆறோ ஏழோ இருக்கும். குமாரவேல்னு ஒரு பனியன் எக்ஸ்போர்ட்டரு. மடத்துக்குளத்துல ஒரு தோப்புக்குள்ள கோழி அடைஞ்சுக்கிட்டுக் கெடந்த அந்தக் காலத்து அமெரிக்கா காரு ஒண்ண லாரில ஏத்தியாந்து எங்க கொட்டாய் முன்னால எறக்குனாரு. எனக்கு அதப் பாத்ததும் சிரிப்புத்தான் வந்துச்சு. இத எடைக்குப் போடறத உட்டுட்டு இங்கெதுக்குக் கொண்டாந்தாருன்னு நெனச்சேன். அவரு அதுல பெரிய இன்ஜினு ஒண்ண ஏத்தி, பானெட்டக் கழட்டி உட்டு ஓட்டப் போறாராம். ஹாட் ராடுன்னு அதுக்குப் பேராம். பணமிருந்தா பைத்தியத்துக்கும் ஒரு பேரு வெச்சுக்கலாம் போல.

அவரு ராஜபாண்டிகிட்டக் கேட்டது ரெண்டு வேலை. இன்ஜினுக்கும் உள்ள ஒக்கார்றவங்களுக்கும் நடுவால ஒரு தகரச் செவுரு இருக்கும்ங்க, ஃபயர்வாலுன்னு சொல்றாங்க. பழைய செவுத்துல வயர் போக ஒரு ஓட்டை, கேபிள் போக ஒரு ஓட்டை, மடிப்பு, துரு, அசிங்கமா இருந்துச்சு. பானெட்டு இல்லாத வண்டில எல்லாரு கண்ணும் அங்கதான போகும்? அதை வெட்டி எடுத்துப்போட்டு, ஒரு ஓட்டை கண்ணுக்குப் படாம, ஒட்டுப் போட்டதே தெரியாம, வழுவழுன்னு புதுச் செவுரு வேணும்னாரு. ரெண்டாவது, புது கியர் பாக்ஸ் பழசை விடப் பெருசு. செவுத்துக்குக் கீழ தொடங்கி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல அது நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அதை மூடி நீளமா ஒரு மேடு கட்டோணும். டனலும்பாங்க. முன்னால அகலமா, பின்னால ஒடுங்கி, நடுவுல ஒரு எடத்துல புடைச்சு வரோணும்.

போறப்ப குமாரவேல் ஒண்ணு சொன்னாரு. நானும் விஜயராணியும் குழாயடில நின்னு கேட்டுக்கிட்டிருந்தோம். "சூட்சுமம் பூராவும் பேட்டர்ன்லதானுங்க ராஜபாண்டி இருக்குது. என்ற கம்பெனிலயும் அதே கெரகந்தான், பேட்டர்னுக்கு நல்ல ஆளு சிக்க மாட்டேங்குது. இதுக்கு ஒருத்தர் ஒழுங்கா எடுத்துக் குடுத்தா, அவரை அப்படியே கூட்டிட்டுப் போயி என்ற பேட்டர்ன் ரூம்புல ஒக்கார வெச்சிருவேன்" அப்படின்னாரு. அவரு சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. விஜயராணி சிரிக்கல. கொடம் நெறைஞ்சு தண்ணி கால் மேல வழியுது, அவ பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்தா.

ராஜபாண்டி சும்மா சொல்லக் கூடாது, வெல்டிங்குல பத்த வெக்கறதுலயும் தட்டறதுலயும் கெட்டிக்காரன். ஆனா இல்லாத ஒண்ண மனசுல வாங்கி, அளவெடுத்து வெட்டறது அவனுக்கு வராது. அந்த மேட்டுக்குத் தகரத்த வளைச்சான், வெச்சான், இடிச்சுது. இன்னொண்ணு வளைச்சான், ஒரு பக்கம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. நல்ல தகரமெல்லாம் மூலையில குமிஞ்சு போச்சு. சோத்துல ஒக்காந்தாலும் மொணமொணன்னுட்டே இருந்தான்.

ஒரு ஞாயித்துக்கெழமை அவளே கொட்டாய்க்குள்ள போனா. பட்டறையில கை தொடைக்கறதுக்கு பனியன் வேஸ்ட்டு மூட்டையில கெடக்குமுங்க. அதுல பெருசா ஒரு துண்ட உருவுனா. கியர் பாக்ஸ் மேல போத்தி, குழந்தைக்குச் சட்டை அளவு பாக்கறவளாட்டம் இங்க புடிச்சு, அங்க நீவி, புடைச்ச எடத்துல துணி சுருண்டு வந்தத மடிச்சு ஊசி குத்தி, சாக்பீஸ்ல கோடு போட்டா. அப்புறம் எடுத்து விரிச்சு, ஏற்றுமதி அட்டைப்பெட்டியப் பிரிச்சு அது மேல வெச்சு வெட்டுனா. செவுத்துக்குத் துணியே தேவைப்படல, அட்டைய நேரா வெச்சே அளவெடுத்துட்டா. நான் கதவுல சாஞ்சுக்கிட்டுப் பாத்தேன். "என்னடி கண்ணு, காருக்கு ரவிக்கை தெக்கறியா"ன்னு கேட்டேன். "கையிதான்க்கா இது. தோள்ல அகலம், மணிக்கட்டுல ஒடுக்கம்"ன்னா. ராஜபாண்டி அந்த அட்டைய வெச்சுத் தகரத்த வெட்டி வளைச்சு உக்கார வெச்சான். உக்காந்துருச்சு. அவன் ரெண்டு தரம் கையால தடவிப் பாத்தான்.

குமாரவேல்கிட்ட இப்பவே சொல்லிருங்கன்னு அவ கேட்டா. அவன் வேண்டாம்னான். பொம்பள துணியப் போத்தி அளவெடுத்தான்னு இப்பச் சொன்னா வண்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாரு, முடிச்சுக் கண்ணுல காட்டிட்டு, அந்த எடத்துலயே நீதான் எடுத்தேன்னு சொல்றேன்னான். என்ற முன்னாலதான் சொன்னான். அவளும் நம்புனா. நானும் நம்புனேன், சும்மா எதுக்குச் சொல்லோணும்.

அதுக்கப்புறம் அவனோட பாடு. செவுத்தை ஒரேயடியாப் பத்த வெச்சா சூட்டுல தகரம் அப்பளமாப் பொரிஞ்சிரும்னு, இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளின்னு வெச்சு, ஆற உட்டு, மறுக்கா வெச்சான். தேச்சான், தட்டுனான், பட்டி போட்டான், மறுபடி தேச்சான். பெயிண்ட் அடிச்சு முடிச்சப்ப அந்தச் செவுத்துல என்ற மூஞ்சி தெரிஞ்சுது. எங்க ஒட்டுனதுன்னு வெரலு வெச்சுத் தேடுனாலும் கெடைக்கல.

பெடலு மாட்டுனப்பத்தான் தப்புத் தெரிஞ்சுது. மேடு தேவைக்கு மேல கொஞ்சம் அகலம். ஸ்டியரிங்கு நம்மூரு வண்டியாட்டம் வலது பக்கங்கறதால, கிளச்சுல வெக்கற எடது காலு மேட்டுல ஒரசுது. விஜயராணி குனிஞ்சு பாத்தா, ஒடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டா. பனியன் துணி தொவைச்சா சுருங்குமுங்க. அதனால அட்டை வெட்டறப்பவே சுருக்கத்துக்குன்னு கொஞ்சம் சேத்து வெட்டுவாங்க. எந்தப் பேட்டர்னு வெட்டுனாலும் அந்தக் கை தானாச் சேத்துத்தான் வெட்டும். தகரம் எந்தத் தண்ணில சுருங்கப் போகுது? அவ ஒண்ணையும் மறைக்கல. என்ற தப்புத்தான், பிரிச்சு உடுங்க, கொறச்சு வெட்டித் தர்றேன்னு அவன்கிட்டச் சொன்னா. அவன், பெயிண்டெல்லாம் அடிச்சாச்சு, மேல கார்பெட் போட்டா யாரு பாக்கப் போறான்னு உட்டுட்டான்.

வண்டி எடுக்க வந்த அன்னிக்கு குமாரவேலோட கோயமுத்தூர்ல இருந்து அவரு சிநேகிதங்க நாலஞ்சு பேரு வந்திருந்தாங்க. விஜயராணி காலையிலயே தலைக்குக் குளிச்சு, தீவாளி நோம்பிக்கு எடுத்த சேலையக் கட்டிக்கிட்டு, கொட்டாய் ஓரமா நின்னா. நான் அவ பக்கத்துல. அவிய எல்லாம் அந்தச் செவுத்தைத் தடவிப் பாக்கறாங்க, மேட்டைத் தட்டிப் பாக்கறாங்க. குமாரவேலுக்குச் சந்தோசம் தாங்கல. பேட்டர்ன் யாரு எடுத்ததுன்னு கேட்டாரு.

இப்பச் சொல்லுவான்னு நான் அவ கையப் புடிச்சேன்.

ராஜபாண்டி எங்க பக்கம் திரும்பவே இல்ல. "எல்லாம் நம்ம கைதான் சார்"ன்னான்.

பாவி. சொல்றேன்னு சொன்ன வாயிதான அது? அவ கைய உருவிக்கிட்டா. தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்குப் போயி அவன் சட்டையப் புடிக்கலாமான்னு இருந்துச்சு. அதுக்குள்ள குமாரவேல் வண்டில ஏறி ஒக்காந்து கிளச்சை மிதிச்சாரு. இடிச்சுது. மறுக்கா மிதிச்சாரு. மேடு இந்தப் பக்கம் தள்ளி வந்திருக்குதேன்னு கேட்டாரு. சிநேகிதங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

"அதுங்களா சார், அது விஜயராணி பண்ணுன கூத்து"ன்னான் ராஜபாண்டி. "எம் பொண்டாட்டி. பனியன் கம்பெனில இருக்கா. அட்டைய வெட்டிக் குடுன்னேன், துணின்னு நெனச்சு சுருக்கத்துக்குச் சேத்து வெட்டித் தொலைச்சுட்டா."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் திரும்பி அவளப் பாத்தேன். அவ தலைய நிமித்திப் பாத்து, மூஞ்சி மலர்ந்து சிரிச்சா. இந்தப் புள்ளைக்கு என்ன கிறுக்குப் புடிச்சுதான்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு நொடிதான். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே எறங்கிப் போச்சு.

குமாரவேல் மட்டும் சிரிக்கல. அவரு பனியன்காரரு. சுருக்கத்துக்குச் சேத்திருந்தா மேடு மொத்தத்துக்கும் அட்டைய அவங்கதான வெட்டிருக்கோணும்னு கேட்டாரு. ராஜபாண்டி கொஞ்சங்கூட அசரல. நான் சொல்லச் சொல்ல அவ வெட்டுனா சார், அவ்வளவுதான்னான்.

விஜயராணி நடந்து போனா. மூட்டையில இருந்து ஒரு துணிய உருவுனா, கத்திரிய எடுத்தா. அத்தனை ஆம்பளைங்களுக்கும் நடுவுல பூந்து வண்டிக்குள்ள குனிஞ்சு, மேட்டு மேல துணியப் போத்துனா. அவளுக்குக் கொரலு ஒசரவே இல்ல.

"சொல்லுங்க. இப்பக் கொறச்சு வெட்டிருவோம். கத்திரிய எங்க வைக்கணும்?"

ராஜபாண்டி துணியப் பாத்தான். மேட்டைப் பாத்தான். நெத்தியத் தொடைச்சான். அவ கத்திரியத் தொறந்து வெச்சுக்கிட்டு அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. ரோட்டுல ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. அப்புறம் பாத்துக்கலாம் சார், இப்ப நேரமாகுதுன்னு அவன் முனகுனான். குமாரவேல் அவனை உட்டுட்டு இந்தப் பக்கம் திரும்புனாரு. அவளப் பாத்து, எந்தக் கம்பெனில இருக்கீங்கன்னு கேட்டாரு.

வேலை கெடைச்சிருச்சுங்க. குமாரவேலோட பேட்டர்ன் ரூம்புல, மேசையும் நாற்காலியுமா. அந்த மேட்டையும் அவ கொறச்சு வெட்டிக் குடுத்து, ராஜபாண்டியே பிரிச்சு மாட்டுனான். இப்ப அவன் டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு, எம் பொண்டாட்டிய நான்தான் மொதலாளிகிட்டச் சொல்லிச் சேத்து உட்டேன்னு பேசிட்டிருக்கான். நான் அந்தப் பக்கம் போனா மட்டும் பேச்சை மாத்திக்குவான்.

அவ வேலைக்குச் சேந்த வாரம் எனக்கு ரவிக்கை குடுக்க வந்தா. நெனச்சது நடந்துருச்சே கண்ணு, இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கேன்னு கேட்டேன். அவனை நான் நாலு வார்த்தை கேக்கட்டுமான்னும் கேட்டேன். வேண்டாம்னுட்டா. கொஞ்ச நேரம் ரவிக்கையோட கொக்கியத் திருகிக்கிட்டே இருந்தா.

"எல்லாத்தையும் தாங்கிக்கிருவேன்க்கா. அத்தனை பேரு முன்னாடி அவரு விஜயராணின்னு எம் பேரச் சொன்னாருல்ல, எதுக்குச் சொல்றாருன்னு காதுல விழுறதுக்குள்ள நான் சிரிச்சுப்புட்டேன். சொல்லிட்டாருன்னு நெனச்சு சிரிச்சுப்புட்டேன்க்கா."