கார்த்திகையில் பொழி வெட்டு

குளம் நிறைந்து கிடக்கும்போது பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவார்கள். நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் ஆழத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் நாரைகளுக்கும் உள்ளான்களுக்கும் கணுக்கால் அளவு நீரும் சேறும் வேண்டும். தேரூர்க் குளத்தில் அவற்றைப் பார்க்க நான் தை கடைசியில் அல்லது மாசியில் போவேன். கார்த்திகையில் போவது தண்ணீரைப் பார்க்க. எந்தக் குளம் எந்தத் தேதியில் நிரம்பி மறுகால் பாய்ந்தது என்று குறித்து வைப்பது பல வருடப் பழக்கம். வேலையில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முடிந்தது. இப்போது எந்த நாளும் போகலாம்.

போன கார்த்திகை இரண்டாம் வாரம், சனிக்கிழமை, மழை விட்ட காலையில் கிளம்பியபோது அத்தானும் பைக்கில் ஏறிக்கொண்டார். அத்தான் என் அக்காளின் கணவர். பறவைகளில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வகை: நெல் தின்பவை, நெல் தின்னாதவை. அவர் வந்ததும் தண்ணீருக்காகத்தான். பறக்கைக்குத் தெற்கே, காயலை ஒட்டிய தாழ்ந்த வயற்பரப்பான ஏலாவில் அவர் மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல்லை நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. மழை தொடர்ந்து பெய்ததில் மொத்த வயல்வெளியும் ஒரே ஏரியாகிவிட்டது. வரப்புகூட வெளியே தெரியவில்லை. நாற்று இரண்டு மூன்று நாள் முழுகிக் கிடந்தால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் குருத்து அழுகும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இதற்கு முந்தைய போகமான கன்னிப்பூ தண்ணீர் வராமல் கருகியிருந்தது. அப்போதே அக்காள் வயலை விற்றுவிடலாம் என்றாள். அவர்கள் மகள் வெளிநாட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அதையே சொன்னாள். சுற்றிலும் மண்ணடித்து மனை போட்டாகிவிட்டது, கேட்டு வருகிறவர்களும் இருந்தார்கள். அத்தான் இன்னும் ஒரு போகத்துக்கு அவகாசம் கேட்டு வாங்கியிருந்தார். கும்பப்பூவும் போய்விட்டால் விற்றுவிடுவதாக அக்காளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

தேரூர்க் குளத்தங்கரையில் பைக்கை நிறுத்தினேன். மறுகாலில் தண்ணீர் பழுப்பு நிறத்தில் வழிந்து விழுந்துகொண்டிருந்தது. குளத்தின் நடுவே காற்றுக்குத் தாமரை இலைகள் புரண்டு அடிப்பக்கத்தைக் காட்டின. நீர்க்காகம் ஒன்று மின்கம்பத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. நீலத் தாழைக்கோழிகள் ஆழம் தாங்காமல் கரையோரக் கோரைக்குள் ஒதுங்கி, நாங்கள் நின்ற இடத்துக்கு மிக அருகே மேய்ந்தன. அவற்றின் சிவந்த கால்களை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

“என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு?” என்றார் அத்தான். “அது என்ன, நம்ம நாத்தையா எடுத்துட்டு வரப் போகுது?”

“ஒரு நிமிஷம் அத்தான்.”

“ஒம்ம ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? ஒம்ம அக்காளும் இப்படித்தான் சொல்லுவா, சேலக் கடையில.”

சுசீந்திரம் குளத்திலும் அதே கதை. நான்குவழிச் சாலைப் பாலத்தில் இரண்டு கார்களை நிறுத்தி, வெளியூர்க்காரர்கள் வெறும் தண்ணீரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கூழைக்கடாக்கள் தூரத்தில் வெள்ளைப் பொட்டுகளாக மிதந்தன. நெல்வயலுக்காக வெட்டிய இந்தக் குளங்களைப் பற்றி, கல்வெட்டுத் தொகுப்புகள் தொடங்கி ஈரநிலச் சட்டங்கள் வரை கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். பறவைகளும் நெல்லும் ஒரே தண்ணீரை நம்பி வாழ்கின்றன என்று அவற்றில் எழுதியிருக்கும். அத்தானோடு போன அந்தக் காலையில் அது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. குளம் நிறைந்திருக்கிறது என்று நான் மகிழ்ந்த தண்ணீர் முழுவதும் பழையாற்றில் இறங்கி அவர் வயலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

பழையாறு மணக்குடியில் காயலாக விரிந்து கடலில் சேர வேண்டும். வேனிலில் ஆற்றில் ஓட்டம் குறையும்போது கடலலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். அந்த வாயைத்தான் பொழி என்கிறோம். மழைக்காலத்தில் சில வருடங்கள் தானாகவே உடையும். உடையாத வருடங்களில் வெட்டிவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடைந்திருக்கவில்லை. மணல்திட்டு ஒரு தெரு அகலத்துக்கு உயர்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் காயல் ததும்பி நின்றது, அந்தப் பக்கம் கடல். அலையாத்திச் செடிகள் உச்சி மட்டும் தெரிய முழுகியிருந்தன. கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்கமிட்டிக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்தார். அத்தானுக்கு அவரைத் தெரியும். வருடா வருடம் மாசியில் புது அரிசி வாங்க வருகிறவர்.

“என்ன மக்கா, இன்னும் வெட்டலியா?” என்றார் அத்தான்.

“இப்ப ஏத்தமாக்கும் அண்ணாச்சி. இப்ப வெட்டுனா கடலு உள்ள வரும். ஒங்க வயலுக்கு உப்புத்தண்ணி வேணுமா?”

“பின்ன எப்ப?”

“இன்னைக்கு வத்தத்துக்குள்ள வெட்டித் தீராது. நாளைக்கு காலத்த தொடங்குனா வத்தத்துல தெறக்கலாம். ஜேசிபிக்கும் சொல்லியிருக்கு.”

“ஜேசிபி வந்து… என் நாத்து முழுகி இன்னைக்கு மூணாவது நாளு.”

“எங்க வீட்டுப் பொறத்தாலயும் முட்டளவு வெள்ளம் நிக்குது அண்ணாச்சி. ஆடு அடுக்களையிலதான் கெடக்குது. எங்களுக்கு மட்டும் ஆசையா?”

அத்தான் திரும்பி வரும் வழியில் பறக்கையில் ஒரு டீக்கடையில் இறங்கினார். அங்கே அதே ஏலாவில் நட்ட நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மண்வெட்டிகள் வந்துவிட்டன. நாளை வரை பொறுக்கலாம் என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். “மாப்பிள, நீரு வேணும்னா கரையில நின்னு கொக்கைப் பாரும்” என்றார் அத்தான்.

மணக்குடிக்கே திரும்பிப் போய் மதியம் வெட்டினார்கள். கையில் பழகிய வேலை வரப்பு வெட்டுவது. வயலில் நீர் மிகுந்தால் தண்ணீர் நிற்கும் பக்கத்தில் வரப்பைக் கொத்தித் திறப்பார்கள், பிறகு தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். இங்கேயும் அப்படியே காயல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். முதல் வெட்டிலேயே தண்ணீர் வெட்டிய சாலுக்குள் வந்துவிட்டது. எல்லோருக்கும் உற்சாகம். ஆனால் அது கணுக்கால் உயரத்தில் மெதுவாகத்தான் நகர்ந்தது. வெட்ட வெட்ட ஓரத்து மணல் சரிந்து சாலுக்குள் விழுந்தது. கடல் பக்கத்தை எட்டியபோது ஓர் அலை ஏறி வந்து, ஒரு வண்டி மணலைச் சாலின் வாயில் தள்ளிவிட்டுப் போனது. அடுத்த அலை அதைச் சமன் செய்தது.

சத்தம் கேட்டு வந்து நின்ற பெண்களில் ஒருத்தி, “ஏட்டி, இங்க வந்து பாரு. கடலுக்குத் தண்ணி பாய்ச்சுகாவ!” என்றாள்.

“கடல்ல என்ன நடவு அண்ணாச்சி? கன்னிப்பூவா, கும்பப்பூவா?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அத்தான் மண்வெட்டியை ஊன்றி நின்று, “சிரிங்க மக்கா, நல்லாச் சிரிங்க. மாசியில அரிசி கேட்டு வருவியல்லா, அப்ப நான் சிரிக்கேன்” என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அக்காள் அவருடைய நனைந்த வேட்டியைப் பார்த்தாள், சோறு போட்டாள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் போனோம். ஜேசிபி வரவில்லை. டீசலா, டிரைவரா, எது காரணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தேவாலயப் பூசை முடிந்து ஊர் மீன்காரர்கள் வந்தார்கள். ஏலாக்காரர்களும் நேற்றைவிடக் கூடுதலாக வந்திருந்தார்கள். இம்முறை கடல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ஆழமாக, அகலமாக, ஈரமணல் தெரியும்வரை வெட்டி, காயல் பக்கம் ஒரு திட்டை மட்டும் விட்டு வைத்தார்கள். பிறகு மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கடல் இறங்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று இல்லை. யாரோ கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். மீன்காரர்களும் நெல்காரர்களும் இடம்மாறி உட்கார்ந்து, டீசல் விலை, உர விலை, துபாயில் இருக்கும் பிள்ளைகள் என்று பேசினார்கள். ஆலாக்கள் அலைக்கு மேல் தாழப் பறந்து திரும்பின. நான் அவற்றைப் பார்ப்பதும், ஈரக்கோடு மணலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுமாக இருந்தேன். அத்தான் ஈரக்கோட்டை மட்டும் பார்த்தார்.

“போன வருசம் என்னைக்கு வெட்டுனோம்?” என்று கமிட்டிக்காரர் யாரையோ கேட்டார்.

“போன வருஷம் தானா உடைஞ்சுது, ஐப்பசிக் கடைசியில” என்றேன்.

“சார்வாளுக்கு எல்லாம் தெரியுது. ஜேசிபி எப்ப வரும்னு கேளுங்க.”

வற்றம் நன்றாகப் பிடித்த பிறகு, கமிட்டிக்காரர் அத்தானைக் கூப்பிட்டார். “வாங்க அண்ணாச்சி. கடைசி வெட்டு ஒங்களது. நேத்து கைகூடாமப் போச்சுல்லா.”

அத்தான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். நாலு கொத்து. ஐந்தாவதற்குத் தேவை வரவில்லை. திட்டு நடுவே விண்டது, இரண்டு பேர் அவரைக் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். தண்ணீர் ஒரே மொத்தமாக உள்ளே விழுந்து, இரு பக்க மணலையும் அரித்துக்கொண்டு ஓடியது. அதுவரை சால் என்று சொன்னதை இனி ஆறு என்றுதான் சொல்ல வேண்டும். மணற்கரை பாளம் பாளமாகச் சரிந்தது. பழுப்பு நீர் கடலுக்குள் வெகுதூரம் நாக்கு நீட்டியது. ஆலாக்கள் அங்கே கூடிவிட்டன. யாரும் கத்தவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. எல்லோரும் சற்றுப் பின்வாங்கி நின்று பார்த்தார்கள்.

திங்கள்கிழமை மாலை ஏலாவுக்குப் போனோம். அக்காளும் வந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. வரப்புகள் வெளியே வந்திருந்தன. மேல் வயலில் நாற்று சேறு பூசிச் சாய்ந்து கிடந்தாலும் குருத்து பச்சையாக இருந்தது. அத்தான் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. வேர் பிடித்திருந்தது. காயலை ஒட்டிய கீழ் வயல் அப்படியில்லை. தொட்டதும் கையோடு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார். மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அத்தான் கொடுத்த வாக்குப்படி இது போனதா, இருப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவள் அக்காள்.

அவள் வரப்பின் மேல் நடந்து கீழ் வயலின் மூலை வரை போய்ப் பார்த்தாள். அத்தான் அவளைப் பார்க்காமல், மடையில் சிக்கியிருந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, காலில் ஒட்டிய சேற்றை வாய்க்காலில் கழுவியபடியே அவள் கேட்டாள்:

“கீழ இருக்கதுக்கு நாத்து எங்க கிடைக்கும்?”

அத்தான் நிமிர்ந்தார். “தெரிசனங்கோப்புல ஒருத்தன் மிச்சம் வச்சிருக்கான்னு கேட்டேன்.”

“அப்பம் இப்பவே போன் போடுங்க. நாளைக்கு வேற யாராவது எடுத்துட்டுப் போயிருவாவ.”

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கைபேசியைத் தேடினார்.